சட்டக் கல்லூரி தொடங்குமுன்: புரியாத சொற்கள், கேள்வியும் பதிலும்

முதலாண்டு வகுப்பில் காதில் விழப்போகும் சொற்களைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். கட்-ஆஃப், கட்டணம் கேட்டவர்கள் பல்கலைக்கழக அறிவிப்பைப் பாருங்கள்.

‘பேர் ஆக்ட்’ வாங்கச் சொல்கிறார்கள். அது என்ன? (தென்காசி)

விளக்கவுரை இல்லாத, சட்டத்தின் மூல வாசகம். முதல் பருவப் பாடங்களுக்கு உரியவை மட்டும் போதும். வாங்கும்போது எந்த ஆண்டுத் திருத்தம் வரை சேர்த்திருக்கிறார்கள் என்று முதல் பக்கங்களில் பாருங்கள். சீனியர் கொடுத்த பழைய பிரதியில் திருத்தத்தை நீங்களே எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கும்.

(1973) 4 எஸ்சிசி 225 என்பதை எப்படி வாசிப்பது? (விழுப்புரம்)

1973-ஆம் ஆண்டு, நான்காம் தொகுதி, ‘சுப்ரீம் கோர்ட் கேசஸ்’ என்ற தீர்ப்புத் திரட்டு, 225-ஆம் பக்கம். அங்கே தொடங்குவது கேசவானந்த பாரதி வழக்கு. அதே தீர்ப்பு இன்னொரு திரட்டில் ‘ஏஐஆர் 1973 எஸ்சி 1461’ என்று இருக்கும். இரண்டு எண்ணைப் பார்த்து இரண்டு வழக்கு என்று எண்ண வேண்டாம். 2023 முதல் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்புகளுக்கு எண் தருகிறது: ஆண்டு, ‘ஐஎன்எஸ்சி’, வரிசை எண். இது எந்தப் பதிப்பகத்தையும் சார்ந்ததல்ல. பக்க எண்ணுக்குப் பதில் பத்தி எண் சுட்டுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. தீர்ப்பின் தலைப்பில் சிறிய எழுத்தில் இருக்கும் ஹெட்நோட் நீதிபதி எழுதியதல்ல, திரட்டின் ஆசிரியர் குழு எழுதிய சுருக்கம். கேசவானந்த பாரதியில் 13 நீதிபதிகள், 11 தனித்தனித் தீர்ப்புரைகள், 7-க்கு 6 என்ற பெரும்பான்மை. அதைச் சுருக்கத்தில் பிடித்துவிட முடியாது.

‘ரேஷியோ’, ‘ஓபிடர்’ எவ்வளவு படித்தாலும் குழப்புகிறது. (கரூர்)

ஒரே வழக்கை வைத்துப் பார்ப்போம். 1903-இல் பிரிவி கவுன்சில் (லண்டனில் இருந்த, அன்றைய இந்தியாவின் உச்ச மேல்முறையீட்டு அமைப்பு) தீர்த்த மோகரி பீபி வழக்கு. வயது வராத ஒருவர், 20,000 ரூபாய்க் கடனுக்காக வீட்டை அடமானம் எழுதிக்கொடுத்தார். கடன் கொடுத்தவரின் முகவருக்கு அவர் மைனர் என்பது தெரியும். அடமானம் செல்லுமா? செல்லாது என்றார்கள். ஒப்பந்தச் சட்டம் 10, 11-ஆம் பிரிவுகளின்படி மைனரின் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே ‘வாய்ட்’. முடிவைத் தாங்கி நிற்கும் இந்த விதிதான் ரேஷியோ.

சோதிக்கும் வழி: விதியைத் தலைகீழாக்குங்கள். ‘மைனரின் ஒப்பந்தம் செல்லும்’ என்று வைத்தால் முடிவே மாறிவிடுகிறது. ஆகவே அது ரேஷியோ. அடுத்து தகவல்களை மாற்றுங்கள். 20,000-ஐ 5,000 ஆக்கினாலும் முடிவு அதேதான். ஆகவே தொகை முக்கியத் தகவல் அல்ல. முகவருக்குத் தெரியும் என்பது? ஒப்பந்தம் செல்லாமல் போனதற்கு அது காரணமில்லை. ‘மைனர் தன் வயதை மறைத்தார், இப்போது மறுக்க முடியாது’ என்ற எஸ்டாப்பல் வாதம் எடுபடாமல் போனதற்குத்தான் அது காரணம். ஒவ்வொரு தகவலையும் எந்தக் கேள்விக்கு உரியது என்று பிரிக்கப் பழகினால், பாதி வேலை முடிந்தது.

முடிவுக்குத் தேவைப்படாமல், போகிற போக்கில் நீதிபதி சொல்வது ஓபிடர். அது கீழ் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் உச்ச நீதிமன்றத்தின் ஓபிடரை யாரும் எளிதில் ஒதுக்குவதில்லை.

வாய்ட், வாய்டபிள்: ஒன்றுதானே? (கரூர், அதே நண்பர்)

இல்லை. வாய்ட் என்றால் சட்டத்தின் கண்ணில் உயிரே இல்லாதது. வாய்டபிள் என்றால் மிரட்டியோ ஏமாற்றியோ சம்மதம் வாங்கப்பட்டவர், விரும்பினால் ரத்துசெய்யலாம், விரும்பாவிட்டால் அது செல்லும் (ஒப்பந்தச் சட்டம், 19-ஆம் பிரிவு).

ரேஷியோவை ஹெட்நோட்டிலிருந்து எழுதிக்கொள்ளலாமா? (சேலம்)

கூடாது. காரணம் மேலே.

செக்ஷன், ஆர்டர், ரூல்: எதற்கு எது? (நாகப்பட்டினம்)

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் (1908) 158 பிரிவுகள், பின்னால் முதல் அட்டவணையில் 51 ஆர்டர்கள், ஒவ்வொன்றிலும் ரூல்கள். ‘ஆர்டர் 7 ரூல் 11’ என்றால் பிராதைத் தொடக்கத்திலேயே நிராகரிப்பது. அரசியலமைப்பில் ஆர்ட்டிகிள்.

302 என்றால் கொலை என்றுதான் கேட்டு வளர்ந்தோம். இப்போது? (மதுரை)

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்கு (ஐபிசி) பதில் பாரதிய நியாய சன்ஹிதா. கொலையின் வரையறை 101, தண்டனை 103(1). அதில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது பற்றியது. மோசடிக்கான 420-க்குப் பதில் 318(4).

அப்படியானால் ஐபிசியைத் தொடவே வேண்டாம். (கோவை)

கோர்ட்டில் இன்னும் ஐபிசிதான் ஓடுகிறது, புதியதை இப்போது படிப்பது வீண். (தஞ்சாவூர்)

இருவரும் தவறு. குற்றம் எந்தத் தேதியில் நடந்தது என்பதுதான் கணக்கு. 2024 ஜூன் 30 நள்ளிரவுக்கு முன் நடந்த குற்றத்துக்கு ஐபிசி, நள்ளிரவு கடந்து ஜூலை 1 பிறந்தபின் நடந்ததற்குப் புதிய சட்டம். சன்ஹிதாவின் 358-ஆம் பிரிவு பழைய பொறுப்புகளைக் காப்பாற்றி வைக்கிறது. குற்றம் நடந்த நேரத்தில் இருந்த சட்டத்தைவிடக் கூடுதலாகத் தண்டிக்க முடியாது என்கிறது ஆர்ட்டிகிள் 20(1). அதோடு, 1862 முதல் சேர்ந்த தீர்ப்புகள் எல்லாம் ஐபிசி எண்களில்தான் இருக்கின்றன. ஆகவே புதிய எண்ணை முதலில் எழுதி, பக்கத்தில் பழைய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தேதி முக்கியமென்றால் விசாரணை முறைக்கும் அப்படியா? (தஞ்சாவூர்)

நல்ல கேள்வி. அங்கே கணக்கு வேறு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 531-ஆம் பிரிவின்படி, 2024 ஜூலை 1-க்கு முன்பே நிலுவையில் இருந்த புலன்விசாரணை, வழக்கு, மேல்முறையீடு பழைய நடைமுறைச் சட்டத்தில் தொடரும். குற்றச் சட்டத்துக்குக் குற்றத் தேதி, நடைமுறைச் சட்டத்துக்கு நிலுவைத் தேதி. இரண்டையும் கலக்காதீர்கள்.

302 இப்போது எது? (ஈரோடு)

மேலே பார்க்கவும்.

ஜட்ஜ்மென்ட், டிகிரி இரண்டுக்கும் செய்தித்தாளில் ‘தீர்ப்பு’ என்றுதான் வருகிறது. (திருநெல்வேலி)

ஜட்ஜ்மென்ட் என்பது நீதிபதி சொல்லும் காரணங்கள். டிகிரி என்பது அதன் முறையான முடிவு, தமிழில் தீர்ப்பாணை. நிறைவேற்று மனு போடுவது டிகிரியை வைத்துத்தான்.

‘மூட்’ என்றால்? ஹெட்நோட் வைத்து வாதாடலாமா? (சென்னை)

கற்பனை வழக்கில் வாதாடும் பயிற்சி. எழுத்து வாதத்துக்கு ‘மெமோரியல்’ என்று பெயர். ஹெட்நோட்டை வைத்து நின்றால், ‘எந்தப் பத்தி?’ என்று நீதிபதி கேட்ட உடனே மாட்டிக்கொள்வீர்கள்.