அதிகாலையில் எகிறும் மாசுமானி: பழுதா, பனியா?

கேள்வி: ஆன்லைனில் காற்று மாசுமானி ஒன்று வாங்கினேன். மார்கழி அதிகாலையில் ஜன்னலோரம் வைத்தால் பி.எம். 2.5 (காற்றில் மிதக்கும் நுண்துகள்) அளவு 110 மைக்ரோகிராம் என்கிறது. வெயில் ஏறியதும் 45-க்கு இறங்கிவிடுகிறது. அதே அதிகாலையில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலி எங்கள் பகுதிக்கு 98 என்று காட்டுகிறது. மானியைத் திருப்பி அனுப்பிவிடலாமா?
- வாசகர், வேளச்சேரி

பதில்: அவசரப்படாதீர்கள். சமீர் காட்டும் 98 மைக்ரோகிராம் அல்ல. காற்றுத் தரக் குறியீடு. பி.எம். 2.5-ஐ வைத்து வந்த குறியீடு என்றால், அது கன மீட்டருக்கு ஏறத்தாழ 59 மைக்ரோகிராம். அதுவும் 24 மணி நேரச் சராசரி. உங்கள் மானி சொல்வதோ அந்த நிமிடத்துக் கணக்கு. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது.

அடுத்த காரணம் ஈரம். வீட்டு மானிக்குள் ஒரு சிறு விசிறி காற்றை இழுக்கிறது. லேசர் ஒளி துகள்களில் பட்டுச் சிதறுவதை வைத்து மானி அவற்றின் எடையை ஊகிக்கிறது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதுபோலத் துகள்களும் நீரை உறிஞ்சுகின்றன. 90 சதவீத ஈரப்பதத்தில், மாசுக் காற்றில் இருக்கும் உப்பு வகையான அமோனியம் சல்பேட் துகளின் கன அளவு சுமார் ஐந்து மடங்காகும். சருகு, விறகுப் புகையிலிருந்து வரும் கரிமத் துகள்கள் அந்த அளவுக்கு வீங்குவதில்லை; ஆனால் காற்றில் கிடந்து பழசாக ஆக அவற்றின் தாகம் கூடுகிறது. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் அளந்தபோது, துகள்களில் இருந்த நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரிமப் பொருள்களால் வந்தது. மலிவு சென்சார் இந்த நீரையும் தூசியாகவே எண்ணிவிடும். கண்காணிப்பு நிலையக் கருவிகளில் பொதுவாக உள்ளே வரும் காற்றை ஹீட்டர் உலர்த்திவிடுகிறது.

அதற்காக, வெறும் பனிதான் என்று ஜன்னலைத் திறந்து வைக்காதீர்கள். குளிர்ந்த அதிகாலையில் புகை மேலே கலையாமல் தரையோடு தங்கும் என்பதால், மாசு அப்போது உண்மையிலேயே கூடுதல்தான். துகளில் சேர்ந்த நீரும் சும்மா இருப்பதில்லை. சுற்றியுள்ள வாயுக்கள் அதில் கரைந்து, நீர் உலர்ந்த பிறகும் தங்கும் புதிய மாசாக மாறுகின்றன. 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமானங்களைத் தாமதப்படுத்தியது பலருக்கு நினைவிருக்கும்.

வாங்கப் போகிறவர்கள் கையேட்டைப் புரட்டி, எத்தனை சதவீத ஈரப்பதம் வரை அளவு நம்பத்தக்கது என்று போட்டிருக்கிறதா எனப் பாருங்கள். அதைச் சொல்லாமல் ‘துல்லியம்’ என்று மட்டும் பெட்டியில் அச்சிட்டிருந்தால் நான் வாங்கமாட்டேன். ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் மானியே மேல். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைகூட, மலிவு சென்சார்களின் அளவை ஈரப்பதத்துக்கு ஏற்பத் திருத்திய பிறகே தன் காட்டுத்தீப் புகை வரைபடத்தில் சேர்க்கிறது. அந்தத் திருத்தச் சூத்திரம் அந்த நாட்டு அளவீடுகளிலிருந்து பிறந்தது. சென்னைக் காற்றுக்கு அப்படியே பொருத்தாதீர்கள்.

பழுதா என்று அறிய ஒரு சோதனை: ஜன்னலை மூடி, ஏ.சி.யையும் ஏர் பியூரிஃபையரையும் ஒரு மணி நேரம் ஓடவிட்டு மானியை அங்கே வையுங்கள். எண் நன்றாக இறங்கினால் சென்சார் வேலை செய்கிறது. அசையாமல் நின்றால் படம் எடுத்து வைத்துக்கொண்டு, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் விற்பனையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.