தம்பி கமாண்டோ: முதுகலைக்கு அரசு பணம் தருமா?

கேள்வி: என் தம்பி பாரா சிறப்புப் படையில் நாயக், பிளஸ் டூ படித்தவன். அமெரிக்காவில் சிறப்புப் படையினரைச் சம்பளத்தோடு முதுகலை படிக்க வைக்கிறார்களாமே, இங்கே உண்டா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அமெரிக்காவின் மான்டரே நகரில் உள்ள கடற்படை முதுகலைப் பள்ளியில் அவர்களின் அதிகாரிகள் அப்படிப் படிப்பது உண்மைதான். நம் அதிகாரிகளும் நீலகிரி வெலிங்டனில் உள்ள ராணுவ ஸ்டாஃப் காலேஜில் படித்து, சென்னைப் பல்கலைக்கழக எம்.எஸ்சி. பெறுகிறார்கள். நாயக் போன்ற ஜவானுக்கு அந்த வாசல் இல்லை.

அதனால் தம்பிக்கு முதல் வேலை பி.ஏ. யூனிட் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு இக்னோ என்ற இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேரட்டும். ஜூன், டிசம்பர் தேர்வுகள் டூட்டியால் தவறலாம். பதற வேண்டாம், முடிக்க 6 வருடம் அவகாசம் உண்டு.

பலர் சறுக்குவது வேறு இடத்தில். 15 வருட சர்வீசுக்குத் தரும் 'பட்டப்படிப்புக்கு இணை' சான்றிதழ் மத்திய அரசின் குரூப் சி வேலைக்கானது. அதைக் காட்டி எம்.ஏ. சேர முடியாது. பிரதமர் கல்வி உதவித்தொகையும் முன்னாள் வீரரின் பிள்ளைகளுக்கும் விதவைகளுக்கும்தான்.

பெரிய பணம் எம்.ஏ.வுக்குப் பிறகுதான். 55 சதவீதத்தோடு முடித்து, நெட் என்ற தேசிய தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை பெற்றால், முனைவர் ஆய்வுக்கு முதல் 2 வருடம் மாதம் 37,000 ரூபாய். வயது வரம்பு 30. படையில் பணியாற்றியவருக்கு 5 வருடம் வரை தளர்வு. தம்பியின் வயதை இன்றே கணக்குப் போடுங்கள்.