கன்சோலிலிருந்து கம்ப்யூட்டருக்கு: வடசென்னையிலிருந்து வந்த கேள்விகள்

வியாசர்பாடி: அண்ணா, சோனியின் பிளேஸ்டேஷனில் ஓடும் கேமைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்க ஏன் வருடக்கணக்கில் இழுத்தடிக்கிறார்கள்?

வியாபாரம் ஒரு காரணம், தம்பி. பிளேஸ்டேஷன் போன்ற கேம் கருவியைத்தான் கன்சோல் என்கிறோம்; அதை விற்க அந்த கேம்தானே தூண்டில்! 'காட் ஆஃப் வார்' 2018-இல் வந்தது. கம்ப்யூட்டருக்கு 2022-இல்தான் கிடைத்தது. இன்னொன்று உழைப்பு. பிளேஸ்டேஷன் 5-இல் 16 ஜிபி நினைவகத்தைப் பிராசஸரும் கிராபிக்ஸும் பங்கிட்டுக்கொள்கின்றன. கம்ப்யூட்டரிலோ பிராசஸருக்கான நினைவகமான ராம் தனி, கிராபிக்ஸ் கார்டின் நினைவகம் தனி. எது எங்கே இருக்க வேண்டும், எப்போது இடம் மாற வேண்டும் என்பதையெல்லாம் புதிதாக எழுத வேண்டும். இந்த வேலை செய்கிறவர்களை யாரும் பாராட்டுவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். 2021-இல் சோனி வாங்கிய நெதர்லாந்தின் நிக்ஸஸ் குழுவினர் இதில் கைதேர்ந்தவர்கள். அவர்கள் கம்ப்யூட்டருக்கு மாற்றிய 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'வை ஓடவிட்டுப் பாருங்கள், புரியும்.

திருவொற்றியூர்: முதல்முறை திறந்தால் 'ஷேடர்' என்று வெகுநேரம் ஓடுகிறது. நிறுத்திவிடலாமா?

நிறுத்தவே வேண்டாம். ஷேடர் என்பது ஒளி, நிழல், நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரல். கன்சோலின் கிராபிக்ஸ் சிப் எதுவென்று முன்பே தெரியும். அதனால் தயாரித்தவர்களே அதைத் தயார்நிலையில் தந்துவிடுகிறார்கள். உங்கள் கார்டு எதுவென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதனால் உங்கள் வீட்டில் தயாராகிறது. பாதியில் நிறுத்தினால் சண்டைக் காட்சியில் திக்கித் திணறும். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதுப்பித்தால் மறுபடி ஓடக்கூடும், பயப்படாதீர்கள்.

பெரம்பூர், ஒரு தந்தை: 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு போதாது, புதிது வேண்டும் என்கிறான் மகன். உண்மையா?

எந்த கேம் என்று கேளுங்கள் சார். 'காட் ஆஃப் வார்' பிளேஸ்டேஷன் 4 காலத்தது. அதற்குக் குறைந்தபட்சத் தேவையே 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 960 கார்டுதான். பிளேஸ்டேஷன் 5-க்கென்றே செய்தவற்றுக்கு 8 ஜிபி இருந்தால்தான் நிம்மதி. ரிச்சி தெருவுக்குக் கிளம்பும் முன், கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் கேமை வாங்கி ஓட்டிப் பார்க்கட்டும். 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஷேடர் தயாராகும் நேரமும் அந்தக் கணக்கில் சேரும் என்பதை மகனிடம் சொல்லிவையுங்கள்.

காசிமேடு: 'பிளட்போர்ன்' கம்ப்யூட்டருக்கு வருமா அண்ணா?

2015-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த கேம். சோனி இன்னும் வாய் திறக்கவில்லை. அதுவரை 'கம்ப்யூட்டர் பதிப்பு இலவசம்' என்று வரும் எந்த ஃபைலையும் தொடாதீர்கள்.