கன்றுக்குட்டிக்குக் கொட்டகை கட்டிய மாநகரம்

கேள்வி: நியூயார்க் மாநகரம் எங்கோ மலையில் இருக்கும் மாட்டுப்பண்ணைகளுக்குத் தன் செலவில் கொட்டகை கட்டித் தருகிறதாமே? அந்தக் காசில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டலாமே?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் கொட்டகைக்கு வந்தார்கள். ஊருக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு, 200 கிலோமீட்டர் தொலைவு வரை பரந்த கேட்ஸ்கில், டெலவேர் என்ற மலைப்பக்க நீர்ப்பிடிப்புப் பகுதிகளிலிருந்து வருகிறது. 1989-ல் அமெரிக்க மத்திய அரசு புது விதி போட்டது: ஆற்று, ஏரி நீரை வடிகட்டு, இல்லையென்றால் பிடிப்புப் பகுதி சுத்தமென்று நிரூபி. வடிகட்டும் நிலையத்துக்கு 600 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்றார்கள். பராமரிப்பு தனி.

1990-ல் மாநகரம் முதலில் செய்தது, விவசாயிகள் மேல் கட்டுப்பாடுகளை நீட்டியதுதான். மண் பாதுகாப்பு வேலை பார்த்த எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. அதிகாரிகளுக்கு முதலில் கைக்கு வருவது உத்தரவுதான்! மலைக்காரர்கள் கொதித்துவிட்டார்கள். மாநகரம் முன்பு தன் பெபாக்டன் நீர்த்தேக்கத்துக்காக அங்கே நான்கு ஊர்களை மூழ்கடித்த கோபம் வேறு ஆறவில்லை. அப்புறம்தான் உட்கார்ந்து பேசினார்கள். விவசாயிகளே முன்னின்று நடத்தும் குழு, மாநகரத்தின் பணம், விருப்பமிருந்தால் சேரலாம். ஆனால் 85 சதவீதப் பண்ணைகளாவது சேர வேண்டும் என்பது இலக்கு. சேர்ந்தார்கள்.

இனி கொட்டகை. இளங்கன்றுகளின் சாணத்தில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிரி இருக்கலாம். குளோரின் அதை எளிதில் கொல்லாது. கன்றுகளைக் காய்ந்த, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் நோய் குறையும், ஓடைக்குள் சாணமும் போகாது. பனி உறைந்த நிலத்தில் சாணம் கொட்டினால் பனி உருகும்போது அத்தனையும் ஓடைக்குத்தான் போகும். அதனால் குளிர்காலம் முழுக்கச் சேர்த்துவைக்கத் தொட்டி. பால் விலையை வைத்து எந்தப் பண்ணைக்காரர் சொந்தக் காசில் இதைக் கட்டுவார்?

கேள்வி: மாடு ஓடையில் இறங்காதபடி கரையில் வேலியும் போடுகிறார்களாமே? ஓடைக்கரையை வேலி போட்டு அடைத்தால் மேய்ச்சல் போகுமே, அதற்கு யார் பொறுப்பு?
– அதே வாசகர்

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். 1998 முதல் அந்தக் கரை நிலத்துக்கு 10 முதல் 15 ஆண்டு ஒப்பந்தம் போட்டு, மத்திய வேளாண் துறை ஆண்டுதோறும் வாடகை தருகிறது. வேலிச் செலவை அவர்களும் மாநகரமும் பங்கிடுகிறார்கள். மாடு குடிக்க வேறு தொட்டியும் அந்தக் கணக்கிலேயே வந்துவிடும். வாடகையே இல்லாமல் வெறும் வேலி மட்டும் தருகிறோம் என்றால், நானாக இருந்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன்.