வெளிநாட்டுப் பயணமும் பிளக் அடாப்டரும்: கேள்வி பதில்

கேள்வி: சென்னையில் வாங்கிய 750 வாட் மிக்சியை அமெரிக்காவிலுள்ள மகளுக்கு எடுத்துச் செல்கிறேன். அடாப்டர் போதுமா?

பதில்: போதாது, அம்மா. அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மாற்றுமே தவிர மின்னழுத்தத்தைத் தொடாது. அங்கே வீட்டுச் சாக்கெட்டில் வருவது 120 வோல்ட். நம் மிக்சியோ 230 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. மாவு அரைக்கும்போது மோட்டார் திணறி நின்று சூடேறும். மின்னழுத்தத்தை உயர்த்தும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம் என்றாலும், அந்தக் கனத்தைச் சுமப்பதைவிட அங்குள்ள 120 வோல்ட்டுக்கென்றே செய்த மிக்சியை வாங்கிக் கொடுப்பது நல்லது.

கேள்வி: அமெரிக்காவில் வாங்கிய 1500 வாட் ஹேர் டிரையரை இங்கே அடாப்டரில் செருகலாமா?

பதில்: கூடாது. மின்னழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும்போது கம்பிச்சுருளின் வெப்பம் நான்கு மடங்கை நெருங்கும். சில நொடிகளில் கருகிவிடும்.

கேள்வி: பாரிஸில் என் செல்போன் சார்ஜர் வேலை செய்யுமா?

பதில்: சார்ஜரின் லேபிளைப் படியுங்கள். இன்புட் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் அடாப்டர் மட்டும் போதும்.

கேள்வி: லண்டன் சாக்கெட்டில் மேல் துளையில் பேனாவைச் செருகித் திறந்து, நம் இரண்டு பின் பிளக்கைப் போடலாம் என்கிறார்களே?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தத் துளை எர்த்துக்கு உரியது. நீளமான எர்த் பின் முதலில் நுழைந்து திறந்தால்தான் மற்ற இரண்டு துளைகளின் மூடிகள் விலகும்; குழந்தைகளின் கையில் இருக்கும் கம்பி உள்ளே போகாதிருக்கவே அந்த ஏற்பாடு.

கேள்வி: பத்து வருடமாகச் சிங்கப்பூரில் அப்படித்தான் செய்கிறேன். சார்ஜருக்கு எர்த்தே தேவையில்லையே!

பதில்: பாதி சரி. சதுரத்துக்குள் சதுரம் பொறித்த இரட்டைக் காப்புச் சார்ஜருக்கு எர்த் தேவையில்லை. ஆனால் லண்டனைப் போலவே அங்குள்ள சாக்கெட்டின் தகடுகளும் தட்டையான பின்களைக் கவ்வுவதற்கானவை. நம் உருண்டைப் பின் அவற்றில் தளர்ந்து நிற்பதால் தொடுமிடம் சூடேறும். அந்நாட்டு பிளக்கினுள் இருக்கும் பியூஸும் உங்களுக்கு இல்லாமல் போகிறது. பிரிட்டனில் சாக்கெட் சுற்றுக்குப் பெரும்பாலும் 32 ஆம்பியர் பிரேக்கர்தான் இருக்கும். மெல்லிய வயரில் கோளாறு வந்தால் அது உடனே துண்டிக்கும் என்று நம்ப முடியாது. பியூஸ் உள்ள அடாப்டரை வாங்குங்கள்.

கேள்வி: துபாயில் என் சார்ஜர்?

பதில்: பாரிஸுக்குச் சொன்னதுதான். லேபிள்.

கேள்வி: ஜப்பானில்?

பதில்: மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், லேபிளைப் படியுங்கள். அங்கே 100 வோல்ட். லேபிளில் 100 இல்லாவிட்டால் செருக வேண்டாம்.

கேள்வி: விடுதியில் சாக்கெட்டே பொறி தெறிக்கிறது.

பதில்: அது அடாப்டரால் தீராது. தொடாமல் விட்டு, விடுதிக்காரரிடம் சொல்லி வேறு அறை கேளுங்கள்.