மகன் பதறினால் காரணம் நான்தானா?

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்குச் சினிமா என்றால் உயிர். அதிலும் ஏகப்பட்ட பாத்திரங்களோடு, கதை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் தாவிக்கொண்டே இருக்கும் குடும்ப நகைச்சுவை என்றால் தனிப் பிரியம். அந்த வகையில் ரான் ஹோவர்ட் இயக்கி 1989-இல் வந்த 'பேரன்ட்ஹுட்' படத்துக்கு ஈடே இல்லை என்பேன். நான்கு உடன்பிறப்புகள், நான்கு வீடுகள், பிள்ளை வளர்ப்பும் நான்கு விதம். இரண்டு பிள்ளைகளோடு தனியாக அல்லாடும் ஹெலனாக நடித்த டயான் வீஸ்ட், ஆஸ்கர் பரிந்துரைக்கு முழுத் தகுதியானவர்.

அந்தப் படத்தை இப்போது பார்த்தால் சிரிப்பு வரவில்லை. ஸ்டீவ் மார்ட்டின் நடித்த கில்லுக்கு மூத்த மகன் கெவின். அவனுக்கு மனப்பதற்றம் அதிகம் என்று பள்ளியில் சொன்னதும், அது தன்னிடமிருந்து தொற்றியதோ என்று கில் மருகுகிறான். என் மகனுக்கு எட்டு வயது. விளையாட்டில் தோற்றால் அழுகை, மறுநாள் தேர்வென்றால் இரவெல்லாம் "தப்பாயிடுமாப்பா?" என்ற ஒரே கேள்வி. நானும் எதற்கெடுத்தாலும் பதறுகிற ஆள்தான். "உங்களைப் பார்த்துத்தான் அவனும் இப்படி" என்கிறாள் மனைவி. கடைசியில் பேஸ்பால் ஆட்டத்தில் கெவின் பந்தைப் பிடித்ததும் எல்லாம் சரியாகிவிடுவதுபோல் காட்டுவது எனக்குப் பொய்யாகப் படுகிறது.

அவன் இப்படி இருப்பது என்னால்தானா? என்ன செய்தால் மாறுவான்? இந்தப் படத்தை அவனோடு சேர்ந்து பார்க்கலாமா?

ஒரு சினிமா ரசிகன்

அன்புள்ள நண்பருக்கு,

பந்துக் காட்சியைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. 124 நிமிடப் படத்தை நான்கு வீடுகள் பங்குபோட்டால், ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம் தேறும். குழந்தையின் பயமோ வாரக்கணக்கில், துளித்துளியாகத்தான் இறங்கும். அத்தனை வாரங்களின் பாரத்தையும் படம் ஒரே பந்தின் மேல் ஏற்றிவிடுகிறது.

அதே படத்தில் உங்களுக்கு உதவும் காட்சி வேறு இருக்கிறது. கெவின் பட்டம் வாங்கி, மேடையில் அப்பாவுக்கு நன்றி சொல்வதாக கில் கனவு காண்கிறான். ஆட்டத்தில் மகன் பந்தைத் தவறவிட்டதும், அவனே கல்லூரி வளாகக் கோபுரத்தில் துப்பாக்கியோடு நின்று அப்பாவைக் குற்றம் சொல்வதாக இன்னொரு கற்பனை. ஒன்று மேதை, இல்லையென்றால் கொலைகாரன். நடுவில் எதுவும் கிடையாது. பதற்றம் யோசிக்கும் விதமே இதுதான். "என்னால்தானா?" என்ற உங்கள் கேள்வியும் அங்கிருந்துதான் வருகிறது.

பதற்ற சுபாவத்தில் பரம்பரைக்குப் பங்குண்டு. பெற்றோரைப் பார்த்துக் கற்பதற்கும் பங்குண்டு. இரண்டையும் பிரித்து இவ்வளவு உங்கள் பங்கு என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது. ஆனால் அவன் பயந்த அடுத்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் செய்வதை மாற்ற முடியும். யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் உருவாக்கிய 'ஸ்பேஸ்' என்ற முறையில் பெற்றோருக்கு மட்டுமே பயிற்சி. குழந்தை வரவே வேண்டாம். பயமூட்டும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றக் குழந்தைக்கே நேரடியாகத் தரும் சிந்தனை-நடத்தை சிகிச்சைக்கு அது குறைந்ததல்ல என்று 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது.

கெவினின் பல் கிளிப் தொலைந்ததும் கில் குப்பையைக் கிளறும் காட்சி நினைவிருக்கும். பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அப்பாவே ஓடிவந்து தீர்த்துவைத்தால், 'இதை என்னால் தாங்க முடியாது' என்றே பிள்ளை கற்றுக்கொள்கிறான். நீங்கள் இரவெல்லாம் சொல்லும் "ஒண்ணும் ஆகாதுடா"வும் அப்படித்தான். சொன்னதும் பயம் தணியும், பத்தே நிமிடத்தில் இன்னும் பசியோடு திரும்பி வரும்.

ஆகவே ஒரு கேள்விக்கு ஒரே பதில். இரண்டாம் முறை கேட்டால், "உனக்குப் பயமா இருக்குன்னு புரியுது. உன்னால இதைத் தாங்க முடியும்னு எனக்குத் தெரியும்" என்பதோடு நிறுத்துங்கள். இதைப் பகலிலேயே அவனிடம் சொல்லி வையுங்கள். திடீரென்று மாறினால் கோபமாக இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வான். முதல் சில நாட்கள் கேள்வி கூடும், அழுகையும் கூடும். பெரும்பாலான பெற்றோர் கைவிடுவது இங்கேதான். பாதியில் விட்டால், இன்னும் கொஞ்சம் அழுதால் பதில் கிடைக்கும் என்ற பாடம்தான் மிஞ்சும். மனைவியும் நீங்களும் ஒரே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும்.

தோல்வி பயத்துக்கு ஏணி கட்டுங்கள். 0 முதல் 10 வரை பயத்துக்கு அவனையே மதிப்பெண் போடச் சொல்லி, 3-இல் தொடங்குங்கள். முதலில், தாயம் மட்டுமே தீர்மானிக்கும் ஐந்து நிமிட ஆட்டம். நீங்கள் தோற்றால் "அட, போச்சே! சரி, அடுத்தது" என்று அவன் காதில் விழும்படி சொல்லுங்கள். அடுத்த படி, மூளைக்கு வேலை வைக்கும் ஆட்டம். பிறகு நண்பனோடு, கடைசியில் குழுவோடு. வாரத்தில் நான்கைந்து நாள் செய்து, ஒரு படியின் மதிப்பெண் பாதியானதும் மேலே போகலாம். 8-இல் தொடங்கினால் மிரண்டுவிடுவான். அழும்போது வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தால் ஏணியே உடைந்துவிடும். ஜெயித்ததைப் பாராட்டாதீர்கள். தோற்ற பிறகும் எழுந்து போகாமல் இருந்ததைப் பாராட்டுங்கள்.

இதோடு தினம் பத்து நிமிடம் அவன் இஷ்டப்படி விளையாட்டு. கேள்வி, திருத்தம், கட்டளை எதுவும் கூடாது. எளிதாகத் தெரியும், உங்களைப் போன்றவர்களுக்கு இதுதான் கடினம்.

பள்ளிக்குப் போக மறுப்பது, அடிக்கடி வயிற்றுவலி, தூக்கக் கெடுதல் இவை ஒரு மாதமாகத் தொடர்ந்தால் குழந்தைகள் மனநல நிபுணரைப் பாருங்கள்.

படத்தை எட்டு வயதுப் பிள்ளைக்குக் காட்ட வேண்டாம். பெரியவர்களுக்கான பேச்சு நிறைய உண்டு. கெவினை ஒரு 'பிரச்சினை'யாகப் பெரியவர்கள் பேசுவதை அவன் தன்னைப் பற்றிய தீர்ப்பாகக் கேட்பான். இறுதியில் வரும் பள்ளி நாடகத்தை மட்டும் காட்டலாம். கில்லின் கடைக்குட்டி மேடையேறி எல்லாவற்றையும் குலைக்கிறான். கில்லின் கற்பனையில், மேலும் கீழும் பாயும் ரோலர் கோஸ்டர் வண்டியின் தண்டவாளம் கடகடக்கும் சத்தம் எழுகிறது. கில்லின் முகம் பீதியிலிருந்து மெல்லச் சிரிப்புக்கு மாறுகிறது. காட்டிவிட்டு, "அந்த அப்பாவோட பயம் இப்ப எத்தனை மார்க்?" என்று உங்கள் மகனிடம் கேளுங்கள்.