வலப்பக்கம் பூஜ்ஜியம் ஏன்?

அன்புள்ள ஐயா,

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் நடந்த தேர்வில் (ம − 2)(ம − 5) = 4 என்ற இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கச் சொல்லியிருந்தார்கள் (எக்ஸுக்குப் பதில் ம என்று எழுதியிருக்கிறேன்). இவள் ம − 2 = 4, ம − 5 = 4 என்று பிரித்து, 6, 9 என்று விடை எழுதிவிட்டாள். முழுக் கணக்கையும் சிவப்பு மையால் அடித்து சைபர் போட்டிருக்கிறார்கள். வீட்டில் 6-ஐப் போட்டுப் பார்த்தாள், சரியாக வருகிறது. "ஒரு விடை சரிதானேம்மா, பாதி மார்க்காவது தரலாமே" என்று அழுகை. எனக்கு விளக்கத் தெரியவில்லை. சூத்திரம் இருக்கும்போது காரணிப்படுத்தல் எதற்கு என்றும் கேட்கிறாள்.

அன்புடன்,
வாசகி, கரூர்

அன்புள்ள சகோதரிக்கு,

மார்க் போன கணக்கை வீட்டுக்கு வந்து திரும்ப எடுத்து, விடையைப் போட்டுப் பார்த்திருக்கிறாளே, அதற்கு முதலில் அவளைத் தட்டிக்கொடுங்கள். நான் டியூஷன் எடுத்த வருடங்களில் அப்படிச் செய்த பிள்ளைகள் மிகக் குறைவு.

இப்போது 9-ஐயும் போடச் சொல்லுங்கள். 9 − 2 = 7, 9 − 5 = 4. பெருக்கினால் 28. வரவேண்டியது 4. ஆனால் 6-ஐப் போட்டால் 4 × 1. முதல் காரணி 4 ஆனபோது அடுத்தது தற்செயலாக 1 ஆக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். அந்த 1-தான் குழந்தையை ஏமாற்றியிருக்கிறது.

இரண்டு எண்களின் பெருக்கற்பலன் 4 என்று யாராவது சொன்னால், அந்த எண்களைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? 4-ம் 1-ம் ஆக இருக்கலாம், 2-ம் 2-ம் ஆக இருக்கலாம், 8-ம் 0.5-ம் ஆக இருக்கலாம், −1-ம் −4-ம் ஆகவும் இருக்கலாம். முடிவே இல்லை. பெருக்கற்பலன் பூஜ்ஜியம் என்று சொன்னால் மட்டும் நிலைமை மாறுகிறது: இரண்டில் ஒன்றாவது பூஜ்ஜியமாக இருந்தே தீர வேண்டும். வேறு எந்த எண்ணுக்கும் இந்தக் குணம் கிடையாது. இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். கடிகாரக் கணக்கில் 12-ம் பூஜ்ஜியமும் ஒன்று. அங்கே 3 × 4 பூஜ்ஜியமாகிவிடும், 3-ம் 4-ம் பூஜ்ஜியம் இல்லாதபோதும். நம் எண்களில் அப்படி நடக்காது என்ற நம்பிக்கையில்தான் காரணி முறை முழுவதும் நிற்கிறது.

ஆகவே பெருக்கி விரித்து, 4-ஐ இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும். ம² − 7ம + 6 = 0. அதாவது (ம − 1)(ம − 6) = 0. விடை 1, 6. ஒன்றைப் போட்டால் (−1) × (−4) = 4, பாருங்கள்.

பாதி மார்க் தரக்கூடாது என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அடித்தவர் பக்கத்தில் "வலப்பக்கம் பூஜ்ஜியம் இல்லையே" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அது இல்லாததுதான் எனக்கு வருத்தம். வலப்பக்கம் பூஜ்ஜியம் வைப்பது மனிதர்களுக்குச் சட்டென்று தோன்றிய விஷயமல்ல. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி இருபுறமும் நேர் எண்களாகவே வைத்து, சமன்பாடுகளை வகை வகையாகப் பிரித்துத் தீர்த்தார். காரணிகளைப் பெருக்கியே சமன்பாட்டைக் கட்டிக் காட்டிய இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட்டின் வேலை, அவர் இறந்து பத்தாண்டு கழித்து, 1631-ல்தான் அச்சேறியது.

சூத்திரம் பற்றிக் கேட்டிருக்கிறாள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று இருக்கிறது. மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. அதில் உள்ள கணக்கு: இரண்டு எண்களின் வித்தியாசம் 7, பெருக்கற்பலன் 60. எண்கள் எவை? நம் பிள்ளைகள் ம² − 7ம − 60 = 0 என்று எழுதி, நடு உறுப்பைப் பிரிக்க எண்களைத் தேடும் அதே கணக்கு. பலகையை எழுதியவர் தேடவில்லை. 7-ல் பாதி 3.5. அதன் வர்க்கம் 12.25. அதோடு 60-ஐக் கூட்டினால் 72.25. வர்க்கமூலம் 8.5. அதில் 3.5-ஐக் கூட்டினால் 12, கழித்தால் 5. பிரிக்க வேண்டிய எண்கள் −12, +5.

பாதி, வர்க்கம், வர்க்கமூலம்: சூத்திரத்துக்குள் இருப்பதும் இதுதான். ஆனால் சூத்திரம் 1, 6 என்று இரண்டு எண்களைத் தந்துவிட்டு நின்றுவிடும். (ம − 1)(ம − 6) என்று பார்த்தாலோ, 1-க்கும் 6-க்கும் இடையில் மதிப்பு குறை எண் என்பதும், வெளியே போனால் மிகை எண் என்பதும் எழுதாமலே தெரியும். அதற்காகத்தான் காரணி வேண்டும் என்கிறேன். காரணி கிடைக்காத கணக்கில் மட்டும் அவள் நேரத்தை வீணாக்க வேண்டாம். ம² − 7ம + 5 = 0 என்றால் தன்மைகாட்டி (சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குள் வரும் எண்) 49 − 20 = 29. முழு வர்க்கம் இல்லை. நேராகச் சூத்திரத்துக்குப் போகலாம்.

இன்னொன்று. ம² = 5ம என்று வந்தால் இருபுறமும் ம-வால் வகுத்து 5 என்று மட்டும் எழுதிவிடுவாள், பெரும்பாலான பிள்ளைகள் அப்படித்தான். 0 என்ற விடை அங்கே காணாமல் போகும். வகுக்காமல் 5ம-வை இந்தப் பக்கம் கொண்டுவந்து, ம(ம − 5) = 0 என்று எழுதச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ம² − 50ம + 609 = 0 கொடுத்துப் பாருங்கள். இங்கே தெரிந்தது வித்தியாசம் அல்ல, கூட்டுத்தொகை. அதனால் பாதியின் வர்க்கத்தோடு 609-ஐக் கூட்டக்கூடாது, அதிலிருந்து கழிக்க வேண்டும். 25-லிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.